நாலாம் ஜீப்பின் எண்ணிக்கை

அக். 6, திங்கள்

தூறல். மலை காலையிலிருந்து முகம் காட்டவில்லை. துவைத்த துணி மூன்று நாளாக ஈரம்.

ஆப் எழுதுகிற கம்ப்யூட்டர் மொழியின் புதுப் பதிப்பை நேற்று இறக்கினேன். இன்று ஜீப்பு ஆப்பைத் திறந்து ஓட்டினால் 214 எரர். ஒன்றுகூட நான் செய்த தப்பில்லை. மொழியை நடத்துகிறவர்கள் எங்கோ உட்கார்ந்து யோசித்துப் பழைய பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள். வேலை அதே வேலை, பெயர் மட்டும் வேறு. பழைய பெயரில் கூப்பிட்டால் இனி திரும்பிப் பார்க்காதாம்.

குறித்து வைக்க:
– கவுண்ட்எலிமென்ட்ஸ்: இப்போது வெறும் கவுண்ட்
– ஆட்ஆப்ஜெக்ட்: அப்பெண்ட்
– அப்பர்கேஸ்ஸ்ட்ரிங்: அப்பர்கேஸ்டு. (இதில் என்ன சுகம் கண்டார்களோ)
– தேதி சம்பந்தப்பட்டது எல்லாமே. அதற்குத் தனியாக ஒரு நாள் அழ வேண்டும்.

இத்தனைக்கும் அந்த ஆப் செய்வது ஒன்றுமில்லை. ராமர் அண்ணனுக்கு ஏழு ஜீப்பு. போடியில் ஆள் ஏற்றி, மெட்டுக்கு மேலே, மலையில் இருக்கிற ஏலத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவது. காலையில் மலைக்கு ஏற்றம் எத்தனை ஆள், மாலையில் திரும்ப வண்டியில் ஏறுகிற இறக்கம் எத்தனை ஆள். இரண்டும் ஒத்தால் பச்சை. ஒக்காவிட்டால் சிவப்பு, வண்டியை எடுக்கக் கூடாது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், கோவையில் வேலை பார்த்தபோது, இரண்டு ராத்திரியில் எழுதிக் கொடுத்தது. அதன்பிறகு தொடவே இல்லை.

இப்போது பழைய போன்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. புது போனில் பழைய ஆப் ஏறாது. "தீவாளிக்கு முந்தி முடிச்சுக் குடுத்துரு பாப்பா" என்கிறார் ரா. அண்ணன்.

சித்தி வந்ததும் கேட்டாள். "இன்னும் அந்தச் சோலி முடியலயா?"

"பேரெல்லாம் மாத்திட்டாங்க சித்தி. ஒண்ணொண்ணா திருத்தணும்."

"பேரத்தான மாத்துனாங்க. ஆளு அதே ஆளுதான?"

சித்தி போவது நாலாம் ஜீப்பில். ஏலக்காய் எடுப்பு. அம்மா போன பிறகு இந்த வீட்டில் எனக்குச் சித்தி, சித்திக்கு நான்.

முட்டுவலித் தைலம் தீர்ந்துவிட்டது. நாளை வாங்க.


அக். 7, செவ்வாய்

மழை விட்டு விட்டு. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.

"எல்லாவற்றையும் மாற்று" என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினேன். 214 போய் 58. மீதி 58-ஐக் கையால்தான் பார்க்க வேண்டும். அதற்குத் தெரியாதவை எல்லாம் நானாக வைத்த பெயர்கள். அன்றைக்கு இருந்த திமிரில் பாதிக்கு மேல் தமிழில் வைத்திருக்கிறேன். ஏற்றம், இறக்கம், கங்காணி, வண்டி. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. யார் எழுதியது என்றுதான் ஞாபகம் வரவில்லை.

தைலம் வாங்கினேன். மருந்துக் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கிய இரண்டு பெண்கள், தோளில் தூக்குவாளிப் பை. ஒருத்தி புதுசு போல.

"நாலுல ஏறாதடி. அதுல எடம் இல்ல."

"பதிமூணு பேருதானக்கா. இன்னொரு ஆளு நெருக்கி உக்காந்தா என்ன?"

"எடம் இல்லைன்னா இல்ல. அஞ்சுல வா."

ஒரு ஜீப்பில் பதினேழு பேர் போவதையே பார்த்திருக்கிறேன். இந்த ஊரில் ஜீப்பில் இடம் இல்லை என்று ஒருத்தர் சொல்லிக் கேட்டது இன்றுதான்.

இரவு: ரசம், அப்பளம். எரர் 31.


அக். 8, புதன்

வெயில் போல ஏதோ ஒன்று, பத்து நிமிஷம்.

எரர் 9. அதில் ஒன்று "லாபம்".

ஃபங்ஷன் பெயர் லாபம். நான் எழுதியதுதான். நாலாம் ஜீப்பு என்றால் இறக்கத்தோடு ஒன்று கூட்டு. அவ்வளவுதான், மூன்று வரி. ஏன் என்று ஒரு குறிப்புகூட இல்லை. காலையெல்லாம் முழித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பிடும்போது ஞாபகம் வந்தது.

நாலாம் ஜீப்பில் அப்போது சடையாண்டி கங்காணி. வாழ்க்கையெல்லாம் ஏலக்காய் ஸ்டோரில் மூட்டை எண்ணிய மனுஷர். முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். இவர் அதற்கும் மேலே. லாபத்தைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததிலிருந்துதான் ஒண்ணு ஆரம்பிப்பார். மூட்டையானாலும் சரி, ஆளானாலும் சரி. அதனால், காலையில் டிரைவர் எண்ணும் ஏற்றம் சரியாக இருந்தாலும், மேலே அவர் எண்ணிப் போடும் இறக்கம் தினமும் ஒன்று குறையும், தினமும் சிவப்பு. ரா. அண்ணன் போனில் புலம்பினார். அந்த வயதானவரிடம் யார் போய்ச் சொல்வது? மூன்று வரி எழுதிக் கூட்டிவிட்டேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

கங்காணி வேலையை விட்டு இரண்டு வருஷம். தேவாரத்தில் இருக்கிற மகன் வீட்டோடு போய்விட்டார். இப்போது எண்ணுவது வசந்தாக்கா. ஒண்ணு என்றால் ஒண்ணு என்று எண்ணுகிறவள்.

அப்படியென்றால் இந்த மூன்று வரியால் இரண்டு வருஷமாக நாலாம் ஜீப்பு தினமும் ஒன்று கூடிச் சிவப்பாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஒரு நாள்கூட.

பழைய பதிவைத் திறந்தேன். கூட்டுவதற்கு முன்னால், மலையில் இருந்தவர்கள் அழுத்திய எண் அப்படியே இருக்கும்.

ஏற்றம் 14, இறக்கம் 13.
ஏற்றம் 15, இறக்கம் 14.
ஏற்றம் 12, இறக்கம் 11.
ஏற்றம் 14, இறக்கம் 13.

மேலே மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஆள் கூடுகிறது, குறைகிறது. வித்தியாசம் மட்டும் ஒன்று. கங்காணி போன பிறகும் ஒன்று. இரண்டு வருஷமாகத் தினமும் ஒரு ஆள் மலைக்குப் போகிறது. திரும்பி வரவில்லை. மறுநாள் காலையில் மறுபடி ஏறுகிறது.

லேப்டாப்பை மூடிவிட்டு வாசலில் போய் நின்றேன். எதிர்வீட்டில் சீரியல் சத்தம். அது ஆறுதலாக இருந்தது.

சித்தியிடம் கேட்கவில்லை.


அக். 9, வியாழன்

காலை 5.40. ஜீப்பு நிற்கும் இடம். சித்தியிடம், டிபன் டப்பாவை மறந்துவிட்டாய் என்று ஒரு சாக்கு. (நான்தான் எடுத்து ஒளித்து வைத்தேன்.)

நாலாம் ஜீப்பு. ஏறியவர்களை நானே எண்ணினேன். பதிமூன்று. சித்தியைச் சேர்த்துத்தான். இரண்டு தடவை எண்ணினேன்.

பின்பக்க பெஞ்சில், படிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவு இடம். நெருக்கியடித்து ஒருத்தி மடியில் ஒருத்தி உட்காராத குறை. அந்த இடத்தில் மட்டும் யாரும் இல்லை. கடைசியாக ஏறியவள் அதைத் தாண்டிக் காலை வைத்து உள்ளே போனாள். உட்கார்ந்திருக்கிற ஆளை மிதிக்காமல் போவது எப்படியோ அப்படி.

வசந்தாக்கா வெளியே நின்று கைவிரலை நீட்டி எண்ணினாள். விரல் முதலில் அந்தக் காலி இடத்துக்குப் போனது.

"பவுன்தாயி. ஒண்ணு, ரெண்டு, மூணு…" பதிமூணு வரைக்கும். பிறகு டிரைவரிடம், "பதினாலுப்பா."

டிரைவர் பதினாலு போட்டார். கேரளப் பக்கம் பூப்பாறை ஆள். முகத்தில் ஒன்றுமில்லை. சித்தி என்னைப் பார்க்காமல் டப்பாவை வாங்கிக்கொண்டாள். வண்டி போய்விட்டது.

நேராக ரா. அண்ணன் ஷெட். டீ வாங்கிக் கொடுத்தார். கேட்டேன்.

"அத நோண்டாத பாப்பா. பச்ச காட்டுதுல்ல, அதுபாட்டுக்கு ஓடட்டும்."

விடவில்லை. அப்புறம் சொன்னார்.

பவுன்தாயி ராசிங்காபுரத்துக்காரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலையில் செத்தது எனக்குத் தெரியும். சித்தி கோவைக்குப் போன் பண்ணிச் சொன்னாள், வழுக்கி விழுந்துட்டா என்று. அவ்வளவுதான் சொன்னாள். மீதியைச் சொல்லவில்லை.

அன்றைக்குக் கங்காணிக்குக் காய்ச்சல், மலைக்கு வரவில்லை. போனவர்கள் பதினாலு. சாயங்காலம் மஞ்சு இறங்கி எதிரில் இருக்கிற செடி தெரியவில்லை. கங்காணிக்குப் பதில் வேறு ஒரு ஆள் எண்ணியது. பதிமூணு என்று அழுத்தியது. பச்சை. வண்டியை எடுத்துவிட்டார்கள்.

"காலைல போயித் தேடுனோம். ஓடைக்குள்ள கால் ஒடிஞ்சு கெடந்துச்சு. விடிய விடிய மழ. கூப்ட்டுத்தான் இருக்கும். அங்க யாருக்குக் கேக்கும்?"

"யாருண்ணே எண்ணுனது?"

"ஒங்க சித்திதான் பாப்பா."


அதே நாள், மத்தியானம்

அந்தத் தேதியை எடுத்துப் பார்த்தேன். ஏற்றம் 14, இறக்கம் 13, கூட்டியபின் 14. மாலை 5.42, பச்சை.

முந்தின நாள் வரியும் மறு வாரத்து வரியும் இதுவும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தேதி தெரியாவிட்டால் எந்த வரியில் ஆள் செத்தது என்று என்னாலேயே சொல்ல முடியாது.

சித்தி சரியாக எண்ணியிருக்கிறாள். கூட்டியது நான்.

வேலை ஓடவில்லை. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற மதுரை ஆபீஸுக்கு வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன்.


அக். 10, வெள்ளி

நல்ல மழை. ஜீப்பு போகவில்லை. சித்தி வீட்டில்.

கேட்டுவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"எண்ணுனேன். பதிமூணு. ஒண்ணு கொறையுதேன்னு மனசுக்குள்ள இடிச்சுச்சு. சரி, போன்ல போடுவோம், அது சொல்லும்ன்னு போட்டேன். பச்சையாயிருச்சு. அப்ப நாந்தான் தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சேன். அது நீ செஞ்சதாச்சே, தப்பாவா சொல்லும்?"

அடுத்த கீரைக்கட்டை அவிழ்த்தாள்.

"ஏலச்செடிக்குள்ள குனிஞ்சுட்டா பக்கத்து ஆளு தெரியாது. ஒரு குரல் குடுத்திருக்கலாம். பவுனுன்னு ஒரு தடவ கூப்ட்ருந்தா. பேரச் சொல்லிக் கூப்புடல, எண்ணிட்டு வந்துட்டேன்."

அதனால்தான் மறு வாரத்திலிருந்து முதலில் அவள் பெயர். யாரும் பேசி முடிவு பண்ணவில்லையாம். வசந்தாக்கா எண்ண ஆரம்பித்த முதல் நாள் லாபம் என்று வாயெடுத்தாளாம், பவுன்தாயி என்று வந்துவிட்டதாம். காலையில் அவளும் ஏறுகிறாள், சாயங்காலம் அங்கேயே இருந்துவிடுகிறாள். "அவளாத்தான் எறங்கி வரணும். நாங்க எப்படி எண்ணிக் கூட்டியாறது? அன்னைக்கு விட்டுட்டு வந்தவங்கதான?"

போன் ஒரு நாளும் சிவப்புக் காட்டாததால், அதற்கும் இது சம்மதம் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

இரண்டு வருஷமாக இவள் இதைச் சுமந்துகொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறாள். நான் ஒரு வருஷமாக இதே வீட்டில் இவள் போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு இருக்கிறேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நீ எண்ணியது சரி சித்தி, தப்பு என்னுடையது. சொல்லவில்லை. கோழைத்தனம், வேறு பெயர் வேண்டாம்.

மொழிக்காரர்கள் ஒரு பெயரைச் சரியாக வைக்க இத்தனை மெனக்கெட்டிருக்கிறார்கள். என் ஆப்பில் ஒரு ஆளுடைய பெயரும் கிடையாது. வெறும் எண்.


அக். 11, சனி

மூட்டம். சித்தி வேலைக்குப் போனாள். ஏற்றம் 14, இறக்கம் 13, பச்சை.

மீதி எட்டுப் பெயரையும் மாற்றினேன். கடைசியாக லாபம். அதையும் புது முறையில் எழுதினால் எரர் போய்விடும், எல்லாம் பழையபடி ஓடும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழித்தேன். எரர் 0.

இனி வித்தியாசம் வந்தால் சிவப்புதான். ரா. அண்ணனுக்குப் போன்: "வசந்தாக்காட்டச் சொல்லிருங்கண்ணே, திங்கக்கெழமலருந்து இருக்கிற ஆள மட்டும் எண்ணச் சொல்லி. இல்லைன்னா செவப்பாயிரும்."

"சொல்றேன் சொல்றேன்."

சித்தியிடம் நானே சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள்.


அக். 12, ஞாயிறு

ஷெட்டில் ஏழு போனிலும் ஏற்றியாகிவிட்டது. ஆறில் சட்டென்று ஏறியது. நாலாம் ஜீப்பு போனில் மட்டும் மூன்று தடவை பாதியில் நின்றது. சார்ஜ் குறைவு. அதுதான் காரணம்.

வீட்டில் கறிக்குழம்பு. சித்தி எனக்கு ஈரல் எடுத்து வைத்தாள். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் தூங்கிவிட்டாள்.


அக். 13, திங்கள்

காலை. ஏற்றம் 14. ரா. அண்ணன் வசந்தாக்காவிடம் சொல்லவில்லை. கேட்டால், "எப்படிச் சொல்றது பாப்பா, நீயே சொல்லிப் பாரு" என்கிறார். மலைக்குப் போன் பண்ணினேன். டவர் இல்லை. பகல் முழுக்கப் பண்ணினேன்.

மாலை 5.35. நாலாம் ஜீப்பு: இறக்கம் 13. சிவப்பு.

5.41. ரா. அண்ணன்: "ஒரு ஆளு வரலைன்னு காட்டுதாம். வண்டிய எடுக்க மாட்டேங்கறாங்க."

"எல்லாரும் இருக்காங்கண்ணே. கொறையுறது அந்த ஆளுதான். ஆப்புல நான் ஒண்ண எடுத்துட்டேன். தப்பு என்னுது, எடுக்கச் சொல்லுங்க."

5.52. மறுபடி அவர். டிரைவர் எடுக்கத் தயார். பெண்கள் இறங்கி நிற்கிறார்களாம். மஞ்சு நன்றாக இறங்கிவிட்டதாம். வண்டி நிற்கிற ஸ்டோர் மேட்டில்தான் டவர், அங்கே ஓடிவந்து சித்தியே பேசினாளாம். அவள் சொன்னதை ரா. அண்ணன் அப்படியே சொன்னார்:

"அன்னைக்குப் போனு, அவ வந்துட்டான்னுச்சு, போயிட்டோம். இன்னைக்கு வரலைங்குது. நிக்கிறோம்."

6.05. சிவப்பு. சித்திக்கு அடித்தேன். எடுத்தாள். தூரத்தில் கூப்பிடுகிற சத்தம். ஒரு குரல் இல்லை, எல்லாரும். பவுனு, பவுன்தாயி, ஏ பவுனு. நீளமாக. நடு நடுவே நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒன்றும் கேட்கவில்லை, செடிகளில் தண்ணீர் சொட்டுவது மட்டும். பிறகு போன் கட்டாகிவிட்டது.

6.24. பச்சை.

இறக்கம் 14.

ரா. அண்ணனிடம் கேட்டேன், யார் மாத்திப் போட்டது, நீங்களா? இல்லையாம். டிரைவர்தான். ஏன் போட்டாய் என்று அவரும் கேட்டிருக்கிறார். "எண்ணி நோக்கியிட்டுத்தாண்ணே போட்டேன். பதினாலு உண்டு" என்றாராம். வசந்தாக்காவிடம் கேட்டீர்களா என்றேன். அவர் வேறு பேச்சுப் பேசினார்.

7.50. ஜீப்பு எங்கள் தெருவுக்கே வந்தது. எப்போதும் வராது. சித்தி முழுக்க நனைந்து, தலையில் சாக்கு. படியேறி வந்தவள் உள்ளே வரவில்லை. வாசலில் ஒதுங்கி, கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத் தொற."

அகலத் திறந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். ஈரக் காற்று உள்ளே வந்தது, பச்சை ஏலக்காய் வாசத்தோடு. பிறகுதான் சித்தி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

சொல்லிவிட்டேன். துவட்டத் துண்டு கொடுக்கும்போதே, நின்றபடியே. கங்காணி, லாபம், மூன்று வரி, எல்லாம். நீ எண்ணியது சரி சித்தி. நீ சரியாகத்தான் எண்ணினாய். அழுதேன்.

சித்தி அழவில்லை. தலையைத் துவட்டி முடித்தாள். கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. இருந்திருக்கும். கடைசியில் சொன்னாள்:

"இத எங்கிட்டச் சொல்லி என்னாத்தா ஆகும்? அவகிட்டச் சொல்லு."

சோற்றைப் போட்டுச் சாப்பிட்டாள். படுத்துவிட்டாள். நான் வந்த ஒரு வருஷத்தில் அவள் இப்படி அயர்ந்து தூங்கிப் பார்த்ததில்லை.


அக். 14, செவ்வாய்

மழை இல்லை. மலை முழுசாகத் தெரிகிறது.

சித்தி எப்போதும்போல ஐந்தரைக்குக் கிளம்பினாள். நான் கூடப் போகிறேன் என்றேன். "நீ வீட்ல இரு" என்றாள்.

6.02. நாலாம் ஜீப்பு. ஏற்றம் 13.

வசந்தாக்காவுக்கு அடித்தேன். வண்டி இன்னும் மெட்டு ஏறவில்லை, எடுத்தாள். பவுன்தாயி என்று எண்ணவில்லையா அக்கா என்று கேட்டேன்.

"எண்ணப் போனேன் பாப்பா. எடத்துல ஆளு இல்ல."

போனை வைத்துவிட்டு நாற்காலியிலேயே இருந்தேன். அடுப்படிப் பக்கமிருந்து பச்சை ஏலக்காய் வாசம், அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அப்புறம் பவுனக்கா என்று கூப்பிட்டேன்.